பத்தனையில் தோண்டிய 'சாலாமிசிரி': ஊவா மலை விளிம்பில் நடந்த தரை ஓர்க்கிட் கிழங்கு வணிகம் பற்றிய நிகழ்வு ஆய்வு

அப்புத்தளைக்கும் ஒகியாவுக்கும் இடைப்பட்ட மேட்டு விளிம்பில், ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் எல்லையை ஒட்டிய பத்தனையில், அதாவது மலைப் புல்வெளியில், நடந்தது இது. சம்பந்தப்பட்டவர்களின் பெயரும் தோட்டத்தின் பெயரும் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளன. புல்வெளியின் சரியான இடத்தையும் எழுதவில்லை. அது தெரிந்தால் அடுத்த மழைக்கே இன்னொருவர் மண் கிளறும் இரும்பு முள்ளோடு அங்கே போய் நிற்பார்.

பின்னணி

நாட்டு மருந்துக் கடைகளில் சாலாமிசிரி என்று விற்கப்படுவது உலர்ந்த ஓர்க்கிட் கிழங்கு. சித்த, ஆயுர்வேத, யூனானி மருத்துவங்கள் மூன்றிலும் உடல் தேற்றவும் ஆண்மைக் குறைவுக்கும் அதைப் பாலில் காய்ச்சிக் கொடுப்பது வழக்கம். அந்தக் கிழங்கு நம் மலைகளில் விளைவதல்ல. ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் குளிர்ப் பிரதேசப் புல்வெளிகளில் வளரும் ஓர்க்கிஸ் மாஸ்குலா, அனகாம்ப்டிஸ் மோரியோ, டாக்டிலோரைசா இனச் செடிகள் ஆகியவற்றிலிருந்து அது வருகிறது. இமயமலையிலிருந்து வருவது டாக்டிலோரைசா ஹடகிரியா. அதன் கிழங்கு கைவிரல்போலப் பிரிந்திருப்பதால் வடஇந்தியக் கடைகளில் அதைப் 'பஞ்சா' என்பார்கள்.

இந்தச் செடிகளின் அடியில் ஒரே நேரத்தில் இரண்டு கிழங்குகள் இருக்கும். ஒன்று போன வருடத்தது. இந்த வருடத் தண்டையும் பூவையும் வளர்த்துவிட்டுக் கறுத்துச் சுருங்கும். மற்றது புதியது, வெளிறிக் கெட்டியாக இருக்கும். அடுத்த வருடச் செடி அதிலிருந்துதான் முளைக்கும். இரண்டும் சேர்ந்து விதைப்பையை ஒத்த வடிவம் கொள்வதால் ஆண்மை மருந்து என்ற நம்பிக்கை மிகப் பழைய காலத்திலேயே பிறந்துவிட்டது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயஸ்கொரிடீஸ் பெரிய கிழங்கை ஆண் உண்டால் ஆண் குழந்தை பிறக்கும் என்று எழுதிவைத்தார். கிழங்கில் உண்மையாக இருப்பது குளுக்கோமன்னன் என்ற வழவழப்புப் பொருளும் மாச்சத்தும். வெந்நீரிலோ பாலிலோ கரைத்தால் கஞ்சிபோலத் தடிக்கும், வயிற்றுக்கு இதமாக இருக்கும். துருக்கியில் சாலெப் என்ற சூடான பானத்துக்கும் இழுபடும் ஐஸ்கிறீமுக்கும் இதே மாவுதான் சேர்கிறது. அங்கே ஒரு கிலோ உலர்ந்த மாவுக்கு 1000 முதல் 4000 கிழங்கு தேவை என்று கணக்கிடுகிறார்கள். அத்தனை கிழங்கும் அத்தனை செடி. துருக்கி இதன் ஏற்றுமதியைத் தடைசெய்ததற்கும் இமயமலையில் இச்செடி அருகிப்போனதற்கும் இந்தக் கணக்கே காரணம்.

இலங்கையில் ஏறத்தாழ 190 ஓர்க்கிட் இனங்கள் உண்டு. பெரும்பாலானவை மரத்தில் ஒட்டி வளர்பவை. தரையில் வளர்பவற்றில் பலவற்றுக்கு மலைநாட்டுப் பத்தனைகளே வீடு. குளிர்ப் பிரதேச இனங்களைப் போலவே இரட்டைக் கிழங்கு வைத்து, மழையில் முளைத்து, வறட்சியில் மேலே தடயமே இல்லாமல் அடங்கிவிடும் சட்டிரியம் நேபாலென்சி அவற்றுள் ஒன்று. இது இமயமலை முதல் நீலகிரி வழியாக இலங்கை வரை பரவியது. இமயமலைப் பக்கத்தில் இதன் கிழங்கையும் சாலாமிசிரிக்குப் பதிலாக எடுப்பதுண்டு. ஊவாப் பத்தனைகளில் மஞ்சள் பூப் பூக்கும் இப்சியா ஸ்பெசியோசா இலங்கைக்கே உரியது. சிங்களக் கிராமங்களில் நாகமரு அல என்று பெயர். அதன் கிழங்கைக் காதல் வசியத்துக்கு உரியதென்று நம்பி எடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

முதலில் தெரிந்தது

ஐப்பசி மழை பிடித்த பிறகு, மேல் மலையில் வடிகான் வெட்டப் போன தொழிலாளர்கள் பத்தனையில் சிறு குழிகளைக் கண்டார்கள். சாண் ஆழம், வாய் குறுகலாக, முள்ளைக் குத்தி நெம்பியது போன்ற குழிகள். காட்டுப்பன்றி கிளறினால் புல்வேர் பரவலாகப் பிரண்டு கிடக்கும். முள்ளம்பன்றி தோண்டினால் கடித்த மிச்சம் கிடக்கும். இங்கே ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் பூத்தண்டு முழுசாக எறியப்பட்டிருந்தது. மனித வேலை என்பதற்கு அதுவே போதும்.

எறிந்த தண்டுகளே செடியை அடையாளம் காணவும் உதவின. அடர்ந்த கதிரில் இளஞ்சிவப்புப் பூக்கள். ஒவ்வொரு பூவின் பின்புறமும் இரண்டு சிறு வால்கள். கீழிதழ் தலைகீழாக மேலே குல்லாபோல் கவிந்திருந்தது. இரட்டை வால் இருந்தால் சட்டிரியம். அதே பத்தனையில் வளரும் இன்னொரு தரை ஓர்க்கிட்டான ஹெபனேரியாவுக்கு ஒற்றை வால்தான், பூவும் வெள்ளை அல்லது பச்சை, கீழிதழ் கிழிந்து பிரிந்திருக்கும். சில இடங்களில் மஞ்சள் பூத்தண்டும் கிடந்தது. அது இப்சியா.

பூக்கும்போது மட்டுமே தோண்டுகிறார்கள் என்பது இதனால் தெளிவானது. பூ இல்லாத வேளையில் புல்லுக்குள் இச்செடியைக் கண்டுபிடிப்பது கடினம். விதை முதிரும் முன்பே செடி போய்விடுகிறது. புதுக் கிழங்கும் அந்த நேரத்தில் பாதி வளர்ச்சியில்தான் இருக்கும். எடுப்பவருக்கு எடை குறைவு, பத்தனைக்கு இழப்பு முழுசு.

தோண்டியவர் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில், லயம் எனும் தொழிலாளர் வரிசை வீட்டில் இருக்கும் இருபதுகளில் உள்ள ஓர் இளைஞர் என்று சில நாட்களில் தெரிந்தது. அவர் ஒளித்துச் செய்யவில்லை. தகப்பனாருக்கு நோய், தோட்டத்தில் வேலை நாட்கள் குறைவு. நகரத்திலிருந்து வந்த ஒரு வியாபாரி கிலோக் கணக்கில் பணம் தருவதாகச் சொல்லியிருந்தார். மஞ்சள் பூக் கிழங்குக்கு இரட்டை விலை. "கடையில விக்கிற சாமானுதானேன்னு நெனச்சேன் ஐயா, புல்லுக்குள்ள சும்மா கெடக்குதேன்னு" என்று அவர் சொன்னதில் பொய் இல்லை.

வீட்டில் இருந்த சாக்கில் பச்சைக் கிழங்கு சுமார் மூன்று கிலோ. நூறு கிராம் எடுத்து எண்ணியதில் இருபத்தைந்துக்குக் கிட்ட இருந்தது. அப்படியானால் சாக்கில் இருந்தது எழுநூற்றைம்பது செடி வரை. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகே இளைஞருக்கும் முகம் மாறியது.

வைத்தியரின் சோதனை

அயலில் உள்ள நாட்டு வைத்தியர் ஒருவர் சாலாமிசிரி சேர்த்து லேகியம் செய்பவர். அதே வியாபாரி இவருக்கும் சரக்குக் கொடுத்திருந்தார். கடையில் முன்பு வாங்கியதையும், இளைஞர் காயவைத்து வியாபாரி வழியாக வந்ததையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

பழைய சரக்கு கொம்பு போலக் கடினம், மஞ்சள் கலந்த பழுப்பு, வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும். கீழே போட்டால் கல் விழுவது போன்ற சத்தம். புதிய சரக்கு தோல் சுருங்கி, உள்ளே வெள்ளையாகப் பொடிந்தது, கசப்பும் பூஞ்சண வாடையும் இருந்தது. வித்தியாசத்துக்குக் காரணம் பதப்படுத்தல். துருக்கியில் கிழங்கைக் கழுவி, கொதிக்கும் நீரிலோ பாலிலோ மோரிலோ சில நிமிடம் போட்டு, தோல் கழன்று கண்ணாடிபோல் ஆனதும் எடுத்து நூலில் கோத்து வெயிலில் காயவைப்பார்கள். கொதிநீர் பட்டால் முளை செத்துவிடும், கசப்பும் இறங்கும். இளைஞர் அப்படிச் செய்யவில்லை. மழை மாதத்தில் அடுப்பங்கரைப் பரணில் போட்டு உலர்த்தப் பார்த்தார், பாதி பூஞ்சணம் பிடித்தது.

வடிவத்திலும் கலப்புத் தெரிந்தது. முட்டை வடிவில் பிரிவில்லாமல் இருந்தவை சட்டிரியம். கணு வளையம் ஓடிய, சற்று உருண்ட துண்டுகள் இப்சியா. இவை ஓர்க்கிஸ் கிழங்கோடு உருவத்திலும் சேராது. இவற்றோடு நிலப்பனைக் கிழங்கின் நீண்ட கறுத்த துண்டுகளும் சில இருந்தன. எடை கூட்ட வியாபாரி பக்கம் சேர்த்ததாக இருக்க வேண்டும், ஏனென்றால் இளைஞரின் சாக்கில் அது இல்லை.

வைத்தியர் இரண்டையும் பொடித்து, ஒரு தேக்கரண்டி வீதம் ஒரு கோப்பைச் சூடான பாலில் கிளறினார். பழையது தடித்தது. புதியது அடியில் மண்டியாகத் தங்கியது. லேகியத்துக்கு இது உதவாது என்று அவர் அங்கேயே முடிவுசெய்தார். இந்த நிகழ்வின் போக்கு திரும்பியது அந்தக் கோப்பையில்தான் என்பது, உடனிருந்து இதை எழுதும் எங்கள் கணிப்பு. செடி அழிகிறது என்று சொன்னால் வாங்குபவர் வருத்தப்பட்டுவிட்டு மறுபடியும் வாங்குவார், மருந்து வேலை செய்யாது என்று கண்ணால் கண்டால் வாங்க மாட்டார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

உடனே பொலிசுக்குப் போவதா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காட்டுச் செடிகள் பலவற்றைக் காக்கிறது. 2009இல் அது கடுமையாக்கப்பட்டது. உலகின் ஓர்க்கிட்கள் அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் இருப்பதால் அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதும் குற்றம். ஆனால் கூலிக்குத் தோண்டியவரைப் பிடித்தால் வியாபாரி அடுத்த லயத்துக்குப் போவார், பத்தனை எங்கே என்பதும் ஊரெல்லாம் தெரியும். ஆகவே இளைஞரின் பெயரைக் குறிப்பிடாமல், வாங்குதல் நடக்கிறது என்ற விபரத்தை மட்டும் உரிய திணைக்களத்துக்கு எழுத்தில் கொடுப்பதென்றும், தோட்ட நிர்வாகத்திடம் நேரில் பேசுவதென்றும் முடிவானது. இது சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறோம்.

வைத்தியர் தம் லேகியத்தில் சாலாமிசிரிக்குப் பதில் சாத்தாவாரிக் (தண்ணீர்விட்டான்) கிழங்கைச் சேர்க்க ஒப்புக்கொண்டார். அதுவும் தேற்றும் மருந்து, வழவழப்பும் உண்டு, தோட்டத்தில் பயிரிடலாம். தம்மிடம் சரக்கு வாங்கும் மற்ற வைத்தியர்களுக்கும் கோப்பைச் சோதனையைக் காட்டுவதாகச் சொன்னார். இளைஞரிடம் அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: "தம்பி, நீ தோண்டினதை நீயே திருப்பி நடணும். எந்தக் குழி எதுன்னு உனக்குத்தானே தெரியும்."

திருப்பி நட்டது

முதலில் கிழங்குகளைப் பிரித்தோம். கறுத்துச் சுருங்கியது பழைய கிழங்கு, நட்டாலும் முளைக்காது. வெளிறிக் கெட்டியாக, நுனியில் கூரான முளைக்கண் உடையாமல் இருப்பது மட்டுமே உயிருள்ளது. முள்ளு குத்திய காயம் உள்ளவற்றில் காயம் சிறிதானால் அடுப்புக் கரித்தூள் தடவி ஒரு நாள் நிழலில் ஆறவைத்தோம். கொழகொழத்தவற்றையும் பூஞ்சணம் பிடித்தவற்றையும் ஒதுக்கினோம். எதையும் கழுவவில்லை. கிழங்கில் ஒட்டிய மண்ணில்தான் செடிக்குத் தேவையான பூஞ்சை இருக்கிறது. நடத் தகுந்தவை சாக்கில் பாதிக்கும் குறைவு.

இந்தப் பூஞ்சை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தரை ஓர்க்கிட்டை வளர்க்கப் பார்த்துத் தோற்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கிறார்கள். ஓர்க்கிட் விதை தூசி போன்றது. முளைக்கும்போது உண்ண அதற்குள் சேமிப்புணவு இல்லை. மண்ணில் இருக்கும் குறிப்பிட்ட பூஞ்சை விதைக்குள் புகுந்து உணவு கொடுத்தால்தான் முளை உயிர்பெறும். வளர்ந்த பிறகும் வேரில் அந்தத் துணை தொடர்கிறது. சாணமும் யூரியாவும் போட்ட மண்ணில் வேறு நுண்ணுயிர்கள் பெருகும், கிழங்கு அழுகும். தேயிலை மலையில் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்தை ஒட்டிப் போடும் டொலமைற் சுண்ணத்தூள், மண்ணின் புளிப்பைக் குறைப்பதால், புளிப்பான கறுப்பு மண்ணில் வாழப் பழகிய பத்தனைச் செடிக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது.

பெரும்பகுதி பழைய குழிகளிலேயே நடப்பட்டது. முளைக்கண் மேல்நோக்கி, மண் மட்டத்திலிருந்து ஐந்து முதல் ஏழு சென்ரிமீற்றர் ஆழத்தில், ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளியில். குழியில் வேறு மண் சேர்க்கவில்லை. மேலே புல்லை மட்டும் திருப்பி மூடினோம். தண்ணீர் ஊற்றவில்லை, மழை போதும். இருபது கிழங்குகளைப் பாடசாலை ஒன்றில் பத்தனை மண் நிரப்பிய சாடிகளில் வைத்தார்கள். இன்னும் கொஞ்சத்தை இளைஞரின் தாயார் ஆசையாக லயத்துக் காய்கறிப் பாத்தியில், மக்கிய எருவோடு நட்டார்.

தோண்டாமல் தப்பிய செடிகளில் காய் முற்றி, வெடிக்கும் முன் பழுப்பேறியவற்றில் சிலவற்றைப் பறித்து, விதையை அதே பத்தனையில், உயிருள்ள செடிகளைச் சுற்றி ஒரு முழ வட்டத்துக்குள் தூவினோம். பூஞ்சை அங்கே இருப்பது உறுதி என்பதால் அந்த வட்டம். விதையிலிருந்து பூ வரச் சில வருடங்கள் ஆகும்.

நெருப்பும் புல்லும்

கிழங்கை மண்ணுக்குள் வைத்துவிட்டால் மட்டும் பத்தனை பிழைக்காது. ஊவாவில் ஆனியிலிருந்து புரட்டாதி வரை வறண்ட கச்சான் காற்று காய்ச்சும். மாட்டுக்கு இளம்புல் வேண்டுமென்று அந்த நாட்களில் பத்தனைக்கு நெருப்பு வைக்கிறார்கள். செடி கிழங்காக அடங்கியிருக்கும் காலத்தில் மேலோடும் நெருப்பு அதைத் தொடுவதில்லை. முளை எட்டிப்பார்த்த பிறகு வரும் நெருப்பு கொல்லும். ஒவ்வொரு வருடமும் எரித்தால் மண்ணின் மேல்கறுப்பும் போய்விடும்.

அதற்காக வேலியடைத்து எதையும் தொடாமல் விடுவதும் சரியல்ல. மானாப் புல் ஆளுயரம் வளர்ந்து, அடியில் இருக்கும் சிறு ஓர்க்கிட்டுக்கு வெளிச்சமே இல்லாமல் செய்துவிடும். ஐரோப்பாவில் ஓர்க்கிட் புல்வெளிகளை வருடத்துக்கு ஒரு முறை, விதை கொட்டிய பிறகே அறுப்பார்கள். அதே முறையை இங்கேயும் எடுத்துக்கொண்டோம். மாடு வைத்திருப்பவர்களோடு பேசி, எரிப்பதற்குப் பதிலாகப் புல் அறுக்கலாம் என்று ஒப்பந்தம்: காய் வெடித்து இலை மஞ்சளான பிறகு, தரையிலிருந்து நாலு விரல் உயரம் விட்டு, அறுத்த புல்லை அங்கேயே போடாமல் எடுத்துச்செல்வது. கீழ் எல்லையில் பத்தடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி நெருப்புக்கோடு போட நிர்வாகம் இரண்டு ஆள் கொடுத்தது.

பின்பு நடந்தது

லயத்துப் பாத்தியில் நட்டவை முதல் மாதத்திலேயே அழுகின. ஒன்றும் மிஞ்சவில்லை. பாடசாலைச் சாடிகளில் முதல் மழைக்குப் பாதிக்கு மேல் இலை விட்டது, பிள்ளைகள் மிகுந்த அக்கறையோடு தினமும் தண்ணீர் ஊற்றினார்கள். வறட்சிக் காலத்தில் இலை காய்ந்ததும் செடி செத்துவிட்டதென்று இன்னும் கூடுதலாக ஊற்றியதில் அடங்கியிருந்த கிழங்குகள் பெரும்பாலும் அழுகிவிட்டன. இலை காய்ந்தபின் சாடியை மழை படாத நிழலில், மண் லேசாக மட்டும் ஈரமாக இருக்கும்படி வைக்க வேண்டும் என்ற தகவல் அவர்களிடம் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

பழைய குழிகளில் நட்டவற்றில் அடுத்த ஐப்பசியில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இலை விட்டது. பூத்தவை மிகச் சில. பாதி வளர்ச்சியில் தோண்டிய கிழங்கு ஒரு வருடத்தில் பூக்கும் அளவுக்குத் தேறாது என்பதால் இது எதிர்பார்த்ததே. இலை விடாத குழிகளை உடனே செத்ததாகக் கணக்கில் எழுதவில்லை. தரை ஓர்க்கிட்கள் சில ஒரு பருவம் மண்ணுக்குள்ளேயே தங்கி அடுத்த பருவத்தில் வெளிவருவதுண்டு. இப்சியாவில் உயிர்பிடித்தவை சட்டிரியத்தைவிடக் கூடுதல். அதன் கிழங்கு பெரிது, சேமிப்பும் கூட.

வியாபாரி இரண்டு முறை திரும்பி வந்தார். முதல் முறை, கிழங்கைக் கொதிநீரில் போட்டுக் காயவைத்தால் கூடுதல் விலை என்று இளைஞருக்குச் சொல்லிக்கொடுத்தார். மற்ற முறை வேறு லயத்தில் ஆள் தேடினார். வைத்தியர்கள் சிலர் வாங்க மறுத்த பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. வேறு மலைக்குப் போயிருக்கலாம்.

புல் அறுப்பு ஒப்பந்தம் முதல் வருடம் நிலைத்தது. இரண்டாம் வருடம் மேற்கு மூலையில் யாரோ நெருப்பு வைத்தார்கள். நெருப்புக்கோடு அதைக் கீழே இறங்காமல் தடுத்தது. அது முளைக்கும் காலத்துக்கு முன்பே நடந்ததால் அந்த மூலையிலும் செடிகள் வந்தன.

இளைஞர் வைத்தியர் கொடுத்த சாத்தாவாரிக் கன்றுகளை லயத்துக்குப் பின்னால் நட்டார். அது கிழங்கு தர இரண்டு வருடமாவது வேண்டும், நீர் தேங்கினால் அழுகும், முள்ளம்பன்றியும் விடாது. அதுவரை அவர் வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்குத் தோட்டங்களில் கூலிக்குப் போனார். சாத்தாவாரி கிழங்கு வணிகத்தின் பணத்தை ஈடுசெய்தது என்று சொன்னால் அது உண்மையாகாது. மழைக்காலத்தில் பத்தனையைச் சுற்றிவந்து புதுக் குழி இருக்கிறதா என்று பார்ப்பதும் இப்போது அவர்தான்.

மாற்ற வேண்டியவை

இதே நிலை இன்னொரு மலையில் வந்தால், கிழங்குகளை வீட்டுத் தோட்டத்துக்கோ சாடிக்கோ பிரித்துக் கொடுக்கக் கூடாது. நடத் தகுந்த எல்லாம் தோண்டிய இடத்துக்கே போக வேண்டும். கட்டாயம் இடம் மாற்ற நேர்ந்தால், உதாரணமாக வீதி வெட்டும்போது, செடி அடங்கியிருக்கும் காலத்தில் ஓரடிச் சதுரம், முக்கால் அடி ஆழம் உள்ள மண்கட்டியாகப் புல்லோடு பெயர்த்து அதே உயரத்திலுள்ள பத்தனையில் வைக்க வேண்டும். அடங்கிய செடியின் இடம் தெரிய, பூக்கும்போதே சிறு மூங்கில் குச்சியால் அடையாளம் வைத்திருக்க வேண்டும். குச்சியில் துணியோ நிறமோ வேண்டாம், அது தோண்டுபவருக்கும் வழிகாட்டும்.

கோப்பைச் சோதனை முதல் நாளிலேயே நடக்க வேண்டும். இங்கே அது சாக்கு நிறைந்த பிறகு நடந்தது. அயலிலுள்ள நாட்டு வைத்தியர்களிடமும் மருந்துக் கடைகளிலும் ஐப்பசிக்கு முன்பே பேசியிருந்தால் அந்தச் செடிகளில் பெரும்பகுதி மண்ணிலேயே இருந்திருக்கும். வருமானத்துக்கான ஏற்பாடும் அப்படியே: தோண்டுவதை நிறுத்தச் சொல்லும் அதே வாரத்தில் புல் அறுப்பு, நெருப்புக்கோடு வெட்டுதல், பத்தனைக் காவல் ஆகிய வேலைகளுக்குத் தோட்டத்தில் நாள்கூலி போட வேண்டும். இங்கே அந்த வேலைகளில் இளைஞர் செய்ததில் பெரும்பகுதிக்குக் கூலி கிடைக்கவில்லை. அடுத்த அறுப்புக்கு முன் அதை நிர்வாகத்தோடு எழுத்தில் முடிக்கப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.